ஒரு கேள்விக்கு ஒரு செம்பு

"சாமி, ஒரு கேள்வி இருக்கு" என்றாள் குழல்வாய்மொழி.

"தண்ணி எங்கம்மா?" என்றார் ஆசிரியர்.

அவள் வெறுங்கையோடு வந்திருந்தாள். இரண்டு கைகளும் முந்தானைக்குள் இருந்தன.

மேற்கு மலை அடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்க வருகிறவர் யாராக இருந்தாலும், முற்றத்துக் கிணற்றில் தானே ஒரு செம்பு நீர் இறைத்துக்கொண்டு வர வேண்டும். ஆசிரியர் அதைக் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆள் வைத்து இறைக்கக் கூடாது. இன்னொருவர் இறைத்ததைக் கடன் வாங்கவும் கூடாது.

காலமாகிப்போன பெரியவர் ஏற்படுத்திய வழக்கம் அது. ஏன் அப்படி என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு செம்பு இறைக்க வேண்டுமே.

பெரியவர் இருந்த காலத்தில் குழல்வாய்மொழியைப் போலக் கேள்வி கேட்டவர் கிடையாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று செம்பும் கையுமாக வந்து நிற்பாள். "உன்னால எனக்கு வயிறு முட்டுது" என்று பெரியவர் சிரிப்பார். மொழியம்மை, மொழியம்மை என்று மடமே அவளைக் கூப்பிடும்.

பெரியவர் போனார். அவர் இடத்துக்கு, அவளைவிட இருபது வயது குறைந்த இந்த ஆசிரியர் வந்தார். சின்னவர் என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

சின்னவர் வந்த நாளிலிருந்து மொழியம்மை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். தூணோரம் உட்காருவாள். பேசாமல் இருந்துவிட்டுப் போவாள்.

மடத்து ஆட்கள் சும்மா இருப்பார்களா? மொழியம்மைக்குச் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

முதலில் அதைச் சொன்னவர் ஆறுமுகநயினார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதைச் சொன்னாலும் கரும்பலகையில் எழுதிய மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு புதிதாக வருகிறவர்கள் ஆசிரியரைக் கும்பிட்ட கையோடு அவளையும் கும்பிடத் தொடங்கினார்கள்.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த மொழியம்மைதான் இன்றைக்குக் கேள்வி என்று வந்து நிற்கிறாள்.

"தண்ணி இந்தா இருக்கு சாமி."

அவள் மகன் பால்வண்ணம் செம்போடு முன்னால் வந்தான். அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. நேற்றுத்தான் ஊருக்கு வந்திருந்தான்.

ஆசிரியர் செம்பைப் பார்த்தார்.

"யாரு இறைச்சது?"

"நாந்தான் சாமி."

"அப்பம் கேள்வியும் உன்னோடதுதான். கேளு."

"எனக்கு இல்ல சாமி, அம்மாவுக்கு..."

"இது உன் தண்ணி."

பால்வண்ணம் தாயைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அம்மாவ எங்கூடக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்திருக்கேன். நாளைச் சாயந்திரம் ரயில். வீட்டப் பூட்டி, சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துரணும். ஆனா வரமாட்டேங்காங்க. தனியா இருக்க முடியாது சாமி. கையெல்லாம் வாதம். போன மாசம் கஞ்சிப் பானை நழுவிக் கால்ல விழுந்து தோலே உரிஞ்சுபோச்சு. அதக்கூட எனக்குச் சொல்லல. பக்கத்து வீட்டுக்காரங்க போன் பண்ணித்தான் தெரியும். நான் கேட்டா, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். இதத் தவிர வேற பேச்சு கிடையாது."



ஆசிரியர் தண்ணீரைக் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"இதுல கேள்வி எது?"

"நான் கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கது சரியா, தப்பா?"

"சரி."

மொழியம்மை ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அப்பம் நான் போகணுமா?" என்றாள்.

ஆசிரியர் அவள் பக்கம் திரும்பினார்.

"தண்ணி?" என்றார்.

*

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. 'அம்மா இங்கேயே இருக்கட்டும்' என்று சின்னவர் சொல்லிவிட்டால் பால்வண்ணம் மறுபேச்சு பேசமாட்டான். அவனுக்கு ஆசிரியர் மேல் அவ்வளவு மரியாதை. அதை நம்பித்தான் அவனையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரம் வரை வந்தாள்.

கோயம்புத்தூருக்குப் போகாதவள் இல்லை அவள். முன்பு ஒரு தடவை போய் இருந்துவிட்டு வந்தாள். மருமகள் தங்கமான பெண். ஒரு டம்ளரைக்கூட எடுக்க விடவில்லை. உட்காருங்க அத்தை, நான் எடுக்கேன் அத்தை, நீங்க ஏன் அத்தை என்று தாங்கினாள். சில நாளிலேயே மொழியம்மைக்குத் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போய்விட்டது. மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது விரல்கள் முன்னைவிட இறுகிப்போயிருந்தன.

இதை மகனிடம் எப்படிச் சொல்வது? மருமகள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள் என்பதையா குறையாகச் சொல்ல முடியும்?

அவள் கிணற்றடிக்கு நடந்தாள்.

முற்றத்தில் இரண்டு பெண்கள் மதியச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மொழியம்மை கிணற்றுப் பக்கம் போவதைப் பார்த்ததும் அரிவாள்மணை நின்றது. ஆறுமுகநயினார் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

"என்ன மொழியம்மை, கை கால் கழுவவா?"

"இல்ல. கேள்விக்கு."

"யாருக்குக் கேள்வி?"

"எனக்குத்தான்."

நயினாரின் முகம் விழுந்துவிட்டது. அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாரே.

கிணற்றுச் சுவர்மேல் இரும்பு வாளி இருந்தது. கயிற்றின் ஒரு நுனியில் இருந்த கொக்கியில் அது மாட்டியிருந்தது. மறுநுனி கிணற்றில் விழுந்துவிடாமல் தூணில் கட்டியிருந்தது. மழைக்காலம் என்பதால் தண்ணீர் கை தொடுகிற உயரத்துக்கு இல்லாவிட்டாலும் நன்றாகவே ஏறியிருந்தது.

அவள் வாளியைத் தள்ளிவிட்டாள். உருளை கடகடவென்று ஓடியது.

இழுக்கத்தான் முடியவில்லை. கயிற்றைச் சுற்றி விரல்களை மூடப் பார்த்தாள். அவை பாதியில் நின்றன. அந்தப் பாதிப் பிடியிலேயே இழுத்தாள். வாளி கொஞ்சம் எழுந்தது. பிறகு கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அடியில் வாளி விழுந்த சத்தம் மடம் முழுக்கக் கேட்டது.

மறுபடி இழுத்தாள். மறுபடி ஓடியது. மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் வலி விண்ணென்று தெறித்தது. வாய்விட்டுக் கத்தாமல் இருப்பதற்கு உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"விடுங்க, நான் இழுக்கேன்" என்று நயினார் கயிற்றைப் பிடிக்க வந்தார்.

"வேண்டாம்."

அப்போதுதான் அவர் அவள் கையைப் பார்த்தார். முட்டி முட்டியாக வீங்கி, விரல்களெல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

"இது எத்தன நாளா?" என்றார்.

"பெரியவர் போனதுலேருந்தே இருக்கு."

"வைத்தியம்?"

"டவுன் டாக்டர் மாத்திரை குடுக்காரு. ஒழுங்காத்தான் சாப்பிடுதேன். வலி அடங்கும். கோணுன விரல் நிமிராதாம்."

நயினாருக்குள் ஏதோ ஒன்று கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தது.

"அப்பம் நீங்க கேள்வி கேக்காம இருந்தது..."

"கயிறு பிடிக்க முடியல வாத்தியாரே. அதான் கேக்கல. எனக்குச் சந்தேகம் தீரவும் இல்ல, ஞானம் வரவும் இல்ல. நீங்களாச் சொன்னீங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

சொன்னதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, நெடுநாளாகத் தலையில் இருந்த சுமையை யாரோ இறக்கி வைத்தது போலவும் இருந்தது.

*

அவள் ஆசிரியரிடம் திரும்பி வந்தாள். உட்காரவில்லை.

"உங்க வழக்கம் கை உள்ளவங்களுக்குச் சாமி" என்றாள். "எனக்குக் கேள்விதான் இருக்கு. கை இல்ல."

"ம்."

"இத்தன வருசமா நான் ஏன் கேக்கலன்னு நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"எங்கிட்டக் கேக்க ஒண்ணும் இல்லன்னு நினைச்சேன்" என்றார் ஆசிரியர். "பெரியவருக்குப் பிறகு இவன் யாரு, சின்னப் பயன்னு நினைக்கீங்கன்னு."

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். மொழியம்மைக்குக் கோபம் பாதி குறைந்துவிட்டது. கொஞ்சம் அப்படி அவள் நினைக்கவும் செய்திருந்தாள்.

அவள் உட்கார்ந்தாள். உட்காருவதற்கு அவளுக்கு ஒரு முறை உண்டு. தூணில் முழங்கையை ஊன்றி, ஒரு காலை நீட்டி, மெதுவாகச் சரிவாள். பால்வண்ணம் பிடிக்க வந்தான். அதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"இன்னைக்குக் காலைல எப்டி எந்திரிச்சீங்க?" என்றார் ஆசிரியர்.

"எப்டின்னா?"

"எப்டி எந்திரிச்சீங்க?"

இது என்ன கேள்வி என்று அவள் பார்த்தாள். அவர் உண்மையாகவே கேட்டதுபோல இருந்தது.

"முழிப்பு வந்ததும் எந்திரிக்க முடியாது சாமி. கையும் காலும் கட்டை மாதிரி இருக்கும். படுத்துக்கிட்டே விரல ஒவ்வொண்ணா மடக்கி மடக்கிப் பாப்பேன். கொஞ்சம் இளகும். அப்புறம் புரண்டு, முழங்கைய ஊணி எந்திரிப்பேன்."

"பிறகு?"

"வெந்நி போடுவேன். அடுப்பு மேலயே சட்டிய வச்சுட்டு, டம்ளர்ல கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி ஊத்துவேன். நிறைஞ்ச சட்டியத் தூக்கக் கூடாதுல்லா. அந்த வெந்நில கைய முக்கி வச்சுருப்பேன். அதுக்கப்புறந்தான் கை எம்பேச்சக் கேக்கும்."

"பிறகு?"

"துணி நனைச்சா பிழிய முடியாது. குழாய்ல ஒரு சுத்துச் சுத்தி, ரெண்டு முனையவும் சேத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு உடம்பத் திருப்புவேன். சொட்டுச் சொட்டா வடிஞ்சுரும். ஆப்பை பிடிக்க முடியலன்னு காம்புல பழைய துணியச் சுத்தித் தடிமனாக்கி வச்சிருக்கேன். கதவுக்கு ஒரு சேலைக் கரையக் கட்டித் தொங்கவிட்டிருக்கேன். அதுல கைய நுழைச்சு இழுத்தா வந்துரும். காய் நறுக்கது மட்டும் மத்தியானம். காலைல நறுக்குனா நறுக்குனதெல்லாம் விரலாத்தான் இருக்கும்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பால்வண்ணம் சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு கஷ்டப்படணுமாம்மா?" என்றான். "நான் இருக்கும்போது நீ ஏம்மா இப்டிக் கஷ்டப்படணும்?"

"கஷ்டம்னு நான் சொன்னேனா?" என்றாள் மொழியம்மை. "எப்டிச் செய்யேன்னு சாமி கேட்டாரு. சொன்னேன்."

"அந்தக் கஞ்சிப் பானை?"

கஞ்சிப் பானை விஷயம் உண்மைதான். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரி வருகிற சத்தம் கேட்டது. அவள் முன்னால் கொஞ்சங் கொஞ்சமாக மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கக் கூசியது. எல்லோரையும் போலத் துணியைப் பிடித்துப் பானையோடு தூக்கினாள். அதை இதுவரை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

"வீட்டுல தண்ணி எதுல எடுக்கீங்க?" என்றார் ஆசிரியர்.

"சின்னத் தூக்குவாளி ஒண்ணு இருக்கு."

"குடம்?"

"குடத்தத் தொட்டே ரொம்ப நாளாச்சு."

"பிறகு இங்க வந்து ஏன் அந்தப் பெரிய வாளியத் தொட்டீங்க?"

"எல்லாரும் அதுலதான் இறைக்காங்க" என்றாள் அவள்.

ஆசிரியர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

முற்றத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, காய்த்தோலைக் கொத்திக்கொண்டு போனது. மொழியம்மை அப்படியே உட்கார்ந்திருந்தாள். காலில் தீப்புண் ஆறிய இடத்தைப் புறங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பானையைத் தூக்கியவளும் இன்றைக்கு வாளியை இழுத்தவளும் ஒரே ஆள்தான் என்று அவளுக்கு மெதுவாகப் புரிந்தது.

தூணில் முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

*

சமையல்கட்டில் எண்ணெய் வாங்கக் கொண்டுபோகிற சின்னத் தூக்குவாளி ஒன்று தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தது. அதை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

நயினாரைப் பார்த்தாள்.

"உள்ள கிடக்க பெரிய வாளிய மேல எடுத்துப் போடுங்க வாத்தியாரே. அது என் தண்ணி இல்ல. அத எடுத்தா வழக்கத்துக்கு ஒண்ணும் ஆகாது."

நயினார் இழுத்துப் போட்டார். அவள் மணிக்கட்டால் நெம்பிக் கொக்கியிலிருந்து பெரிய வாளியை விடுவித்துவிட்டுத் தூக்குவாளியை மாட்டினாள். தள்ளிவிட்டாள்.

தூக்குவாளி தண்ணீர்மேல் தக்கை போல மிதந்தது. உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை.

"அது அமுங்காது மொழியம்மை" என்றார் நயினார்.

"தெரியுது."

வெறும் வாளிதானே. கயிற்றை முன்கையில் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுவந்தாள். கிணற்றடியில் கிடந்த ஒரு கூழாங்கல்லைத் தொட்டித் தண்ணீரில் அலசி உள்ளே போட்டாள். மறுபடி தள்ளினாள். களக்கென்று சத்தம் கேட்டது. கயிறு விறைத்தது.

இனி இழுக்க வேண்டும். கை ஆகாது. கையால் இழுத்துப் பார்க்கக்கூட இல்லை அவள். கயிற்றை இடுப்பில் ஒட்ட வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றினாள். கயிறு இடுப்பை வளைத்துக்கொண்டது. தொங்கிய பக்கத்தை முழங்கையால் விலாவோடு அழுத்திக்கொண்டாள். கிணற்றுக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கினாள்.

ஒரு அடி. இன்னொரு அடி. உருளை முனகிக்கொண்டு சுழன்றது.

அரிவாள்மணை மறுபடி நின்றுவிட்டது. கோயிலில் தன்னைத்தானே சுற்றி வணங்குகிற மாதிரி இருந்திருக்கிறது அந்தப் பெண்களுக்கு. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முற்றத்து வேப்பமரத்தின் வேர் ஒன்று தரைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. மொழியம்மையின் கால் அதில் இடறியது. உடம்பு முன்னால் சாய்ந்தது.

பின்னால் பால்வண்ணம் எழுகிற சத்தம் கேட்டது.

"உக்காரு" என்றார் ஆசிரியர்.

"விழுந்துருவாங்க சாமி."

"விழலாம்."

"விழுந்தா?"

"அப்பம் ஓடு. இப்பம் உக்காரு."

அவன் உட்கார்ந்தானா நின்றானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கால் நிலைத்துவிட்டது. வலி இருந்தது. வலி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுபடி நடந்தாள். தூக்குவாளி கிணற்றுச் சுவருக்கு மேலே வந்துவிட்டது.

இப்போதுதான் சிக்கல். வாளி கிணற்றுமேல் தொங்குகிறது. அவள் மரத்தடியில் நிற்கிறாள். கயிற்றை விட்டால் வாளி உள்ளே போகும். விடாவிட்டால் வாளியை எடுக்க முடியாது.

நயினார் வாளிக்குப் பக்கத்திலேயே நின்றார். கையை நீட்டினால் எட்டும். பாவம், அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

மொழியம்மை வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு அதைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். கயிறு அடிமரத்தில் ஒரு சுற்று விழுந்தது. இன்னொரு சுற்று. பட்டையில் கயிறு கறகறவென்று கடித்துக்கொண்டது.

அந்தப் பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். நயினாரும் தன்னை அறியாமல் கை கூப்பினார்.

"பெரியவர் காட்டிக் குடுத்த முறையா இது?" என்று மெல்லக் கேட்டார்.

"முறையும் இல்ல ஒண்ணும் இல்ல வாத்தியாரே" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "கயிறு வழுக்கிரக் கூடாதுல்லா."

இடுப்புச் சுற்றை அவிழ்த்துவிட்டாள். மரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. அவள் கிணற்றடிக்குப் போய், இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் தூக்குவாளியை ஏந்திச் சுவர்மேல் இறக்கினாள். இறக்கும்போது தளும்பிப் பாதி கொட்டிவிட்டது. மீதி இருந்தது.

கொக்கியை நெம்பிக் கழற்றி, வாளியை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். சேலையெல்லாம் நனைந்திருந்தது. தலைமுடி கலைந்திருந்தது. இவ்வளவு பேர் பார்க்க இப்படி ஒரு கோலத்தில் அவள் நடந்ததில்லை.

ஆசிரியர் முன்னால் வாளியை வைத்தாள்.

"வழக்கம் செம்புல்லா" என்றார் பின்னாலேயே வந்த நயினார். வாத்தியார் புத்தி, எங்கே போகும்?

ஆசிரியர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் தூக்குவாளியை எடுத்தார்.

"உள்ள கல்லு கிடக்கு. பாத்து" என்றாள்.

"கிடக்கட்டும்."

அவர் குடித்தார். கல் வாளியில் உருண்டது. கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் கேள்விக்காக அவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"கேளுங்கம்மா" என்றார்.

மொழியம்மை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். நான் போகணுமா என்று இங்கே வரும்வரை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்வி. அதை இப்போது அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை.

அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் நடந்த ஒவ்வொரு அடிக்கும் அவன் அங்கே உட்கார்ந்து பயந்திருக்கிறான். நல்லா இருக்கேன் என்று போனில் சொல்லிச் சொல்லி, இவனைத்தான் எவ்வளவு தூரத்தில் நிறுத்தி வைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"எய்யா" என்றாள்.

"என்னம்மா?"

"எனக்கு ஒரு உதவி செய்யணும் நீ."

அப்படி அவனிடம் அவள் கேட்டதே இல்லை. பால்வண்ணம் நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சொல்லும்மா."

"நாளைக்கு நீ ரயில் ஏறதுக்கு முன்னால, அடுக்களைல இருக்க டப்பா மூடியெல்லாம் லேசாத் தளத்தி வச்சுட்டுப் போ. அது ஒண்ணுக்குத்தான் எனக்கு இன்னும் வழி தெரியல."